துணைக்குப் போனவன்

உட்காரும்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்கார்.

உன் கேள்வித்தாள் எத்தனை பக்கம்? ஆறா. ஆறு பக்கத்துக்கு நலம் விசாரிக்க என் மகனுக்கே தெரியாது. சரி, கேள். சுருக்கமாகக் கேள். வாசலில் எண்ணெய் அடுப்பில் கிடக்கிறது. பதம் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் முடித்துவிடு.

அந்தப் பென்சிலை உள்ளே வை. பேனா இல்லையா? பேனாவால் எழுது. பென்சில் எழுத்தை யார் வேண்டுமானாலும் அழித்து மாற்றலாம். நான் சொன்னால் சொன்னதுதான். ஐம்பது வருஷமாக மருந்துச் சீட்டுகூட பேனாவால்தான்.

பெயர் சொரிமுத்து. வயது எழுபத்து நாலு. சித்த வைத்தியம். அப்பாவும் அதே. பதிவு உண்டு, சான்றிதழ் அதோ சுவரில். கண்ணாடி அலமாரியில் இருப்பது சால்வை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாலாம் கேள்வி என்ன, படி. பெருந்தொற்றுக் காலத்தில் தங்களுக்குத் தொற்று ஏற்பட்டதா.

இல்லை.

பெரிதாக எழுது. இல்லை.

ஏன் நிமிர்ந்து பார்க்கிறாய்? யாராவது ஏதாவது சொன்னார்களா? பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். உண்மைதான். நோயாளிக்குத் துணைக்கு இருந்தேன். நோயாளி இந்த எதிர்வீட்டுக் கோமதிநாயகம். அவனும் வைத்தியன்தான். அப்படித்தான் அவன் போர்டில் எழுதியிருக்கிறது.

எழுதாதே. இது உன் காகிதத்துக்கு இல்லை. சும்மா கேட்டுக்கொள். அப்போதுதான் மற்ற பதிலெல்லாம் உனக்குப் புரியும்.

அவனுக்கும் எனக்கும் இருபத்திரண்டு வருஷம் பேச்சு கிடையாது. தொண்ணூற்றெட்டில் பாளையங்கோட்டையில் வைத்தியர்கள் கூட்டம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். என் முட்டுவலி எண்ணெயைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். எல்லோரும் முகர்ந்து தலையாட்டினார்கள். இவன் குப்பியை வாங்கினான். மூக்கில் வைத்தான். கண்ணை மூடினான். "ஒரு பதம் தாண்டிட்டு" என்றான்.

உனக்குப் புரியாது. சொல்கிறேன். எண்ணெய் காய்ச்சும்போது உள்ளே போட்ட சரக்கு அடியில் வண்டலாக நிற்கும். முதலில் சேறு மாதிரி. அப்புறம் மெழுகு மாதிரி உருண்டு வரும். அப்புறம் மணல் மாதிரி உதிரும். என் எண்ணெயை மெழுகில் இறக்க வேண்டும். மணலுக்குப் போனால் குடிமுழுகிப் போச்சு. கையால் உருட்டிப் பார்க்கலாம், திரியில் நனைத்துக் கொளுத்திப் பார்க்கலாம். நீ உருட்டுவதற்குள் அது தாண்டிவிடும். மூக்குதான் முதலில் சொல்லும். மூக்கால் இறக்குகிறவன்தான் வைத்தியன். மற்றவன் பஜ்ஜி போடுகிறவன்.

நாற்பது பேர் முன்னால் இவன் என்னை பஜ்ஜி போடுகிறவன் ஆக்கினான். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். ஒரே தெரு, எதிர் எதிர் வாசல். இருபத்திரண்டு வருஷம். அவன் பெண்டாட்டி உலகம்மாள் மட்டும் கோலம் போடும்போது "என்ன அண்ணாச்சி" என்பாள். அவளுக்கு "ம்" என்பேன். அவன் மேல் உள்ள கோபத்தை அவளிடம் காட்டுகிற ஆள் இல்லை நான்.

அப்புறம் இந்தக் கொரோனா வந்தது.

அந்த ஆனி மாதம் தெருவில் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் கஷாயம் நான்தான். காலை ஆறு மணிக்கு அண்டா. ஆளுக்கு ஒரு தம்ளர். அவனும் தெருவின் அந்தக் கோடியில் ஒரு அண்டா வைத்தான். வைக்கட்டும். தெருப் பையன்கள் ஒரு பேனர் அடித்தார்கள். கொரோனா அண்டாத தெரு. கீழே கை கூப்பியபடி என் படம். அவன் படம் இல்லை. இடம் பற்றவில்லை. என் படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லியிருந்தேன்.

பேனரை என் வாசலில்தான் கட்டினார்கள்.

அந்த நேரம் ஒரு வீட்டில் நோய் என்றால் என்ன செய்வார்கள், ஞாபகம் இருக்கிறதா? தகரம் கொண்டுவந்து வாசலை அடைப்பார்கள். சிவப்புச் சீட்டு ஒட்டுவார்கள். மளிகைக்காரன் வாசலில் தகரம் அடித்தால் பதினைந்து நாளில் மறந்துவிடுவார்கள். வைத்தியன் வாசலில் அடித்தால்? அப்புறம் அவனிடம் ஒரு ஆடு மாடுகூட வராது. அதுவும் பேனர் தொங்குகிற வாசலில். ஐம்பது வருஷப் பெயர், ஒரு ஆணி, ஒரு சுத்தியல். முடிந்தது. அந்த ஒன்றுதான் எனக்குப் பயம். நோய்க்கு இல்லை.

அந்த வாரம் பார்த்து மீரான் கடைச் சரக்கு கெட்டுப்போனது. நாட்டு மருந்துக் கடை. முப்பது வருஷமாக அவனிடம்தான் வாங்குகிறேன். போன் போட்டேன்.

"மீரானு, சுக்குல வாசனையே இல்லையே வே."

"புதுச் சரக்கு வைத்தியரே."

"ஓமத்துலயும் இல்ல."

"நேத்துதான் மூட்டை பிரிச்சேன்."

"கற்பூரத்துலயும் இல்ல வே."

அப்புறம், "வைத்தியரே, உடம்பு சுகமா இருக்கியளா?" என்றான். பார்த்தாயா. சரக்கைக் கேட்டால் உடம்பைக் கேட்கிறான். வியாபாரி புத்தி. போனை வைத்துவிட்டேன்.

கொஞ்சம் இருமல் இருந்தது. சரக்கு இடிக்கிற தூசி. கொஞ்சம் அசதி. நாற்பத்திரண்டு வீட்டுக்குக் கஷாயம் ஊற்றினால் உனக்கும் வரும். எதற்கும் என் நாடியை நானே பார்த்தேன். பார்க்கக் கூடாது. வைத்தியன் தன் கையைத் தான் பிடிக்கக் கூடாது என்பது எங்களில் வழக்கம். கையும் அவனுடையது, பயமும் அவனுடையது, எப்படிச் சரியாகச் சொல்லும்? ஆனால் ஊரடங்கு. வேறு யாரிடம் கையை நீட்ட? பார்த்தேன். மூன்று நாடியும் ராஜநடை. ஒரு குறையும் இல்லை.

மறுநாள் மதியம் முட்டு எண்ணெய் வைத்தேன். அப்போது அடுப்பு பின்கட்டில். கிளறிக்கொண்டே இருந்தேன். வாசனை வரவில்லை. மீரான் சரக்கு, மெதுவாகத்தான் வரும் என்று இருந்தேன். காத்திருந்தேன். காத்திருந்தேன். வரவே இல்லை.

வாசல் கதவைத் தட்டுகிற சத்தம். தட்டுவது இல்லை, உடைக்கிற சத்தம். போய்த் திறந்தால் கோமதிநாயகம். முகத்தில் துண்டு கட்டியிருக்கிறான். இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"அடுப்ப அணையும் வே."

"என் அடுப்பு. உமக்கென்ன?"

"தெரு பூராவும் தீஞ்ச வாடை அடிக்கி. உமக்குத் தெரியலையா?"

என்னைத் தள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். அடுப்பில் தண்ணீரை ஊற்றினான். சட்டியைப் பார்த்தேன். மணலும் தாண்டி, கரி. இவன்தான் வரும்போது ஏதாவது செய்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அவன் என் கண்முன்னால்தான் வந்தான். அதுதான் இடிக்கிறது.

மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தான். பிரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இது என்னது?"

"தூள்."

"என்ன தூள் வே?"

"மாவு."

"பெருங்காயம் வே இது."

நான் சொன்னேன், இந்தக் காலத்துப் பெருங்காயத்தில் பெருங்காயம் எங்கே இருக்கிறது, எல்லாம் கோதுமை மாவு. நான் சொன்னது சரிதானே? நீயே சொல். அவன் பொட்டலத்தை மடித்தான். உட்கார் என்றான். கையைக் கொடு என்றான். கொடுத்தேன். அன்றைக்கு எல்லோரும் ஒருவரை ஒருவர் கண்டு ஓடுகிற நேரம். அவன் மூன்று விரலையும் வைத்தான். அவசரப்படவில்லை. என் அப்பா பிடிக்கிற மாதிரி பிடித்தான். அதை மட்டும் சொல்ல வேண்டும், பிடி நல்ல பிடி.

அப்புறம் இடுப்பிலிருந்து மூச்சை அளக்கிற ஒரு கிளிப்பை எடுத்து என் விரலில் மாட்டினான். சித்த வைத்தியன், கிளிப்பு வைத்திருக்கிறான். வெட்கம் கிடையாது. அதில் சிவப்பாக எண்பத்தொன்பது என்று விழுந்தது. விரலை மாற்றினான். எண்பத்தொன்பது. தன் விரலில் மாட்டினான். தொண்ணூற்றெட்டு. பார்த்தாயா, அதிலும் போட்டி.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும் வே" என்றான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"மூச்சு வாங்குது உமக்கு."

"நீரு கதவ உடச்சீரு, எந்திரிச்சு ஓடியாந்தேன். வாங்காதா?"

"சொரிமுத்து, விளையாடாதீரும். போன் பண்ணட்டா?"

பெயரைச் சொன்னான். வாசல் பக்கம் பார்த்தேன். அவனும் திரும்பிப் பார்த்தான். கதவு திறந்து கிடந்தது, பேனரின் பின்பக்கம் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"தகரம் அடிச்சிருவான்" என்றேன்.

வாய் தவறி வந்தது. அவ்வளவுதான்.

அவன் கொஞ்ச நேரம் என் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். கரியைச் சுரண்டினான். அப்புறம் சொன்னான். இப்போது கவனமாகக் கேள், அவன் சொன்ன வார்த்தை அப்படியே சொல்கிறேன்.

"எனக்குத்தாம்வே நோய். நீரு துணைக்கு வாரீரு. அவ்வளவுதான்."

அவன் வாயால். எனக்குத்தான் நோய் என்று. நான் சாட்சி. இதற்கு மேல் உனக்கு என்ன வேண்டும்?

வண்டி வந்தது. சங்கு ஊதிக்கொண்டே வந்தது, நாற்பத்திரண்டு வாசலிலும் ஆள். மூட்டை கட்டின மாதிரி உடுப்பு போட்டு இரண்டு பேர் இறங்கினார்கள். கோமதிநாயகம் தன் வாசற்படியில் சாய்ந்து கிடக்கிறான். என்ன முனகல் என்கிறாய். "ஐயோ, அம்மா" என்று. ஆள் இத்தனை நடிப்பான் என்று எனக்குத் தெரியாது. உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்று தெரு நினைத்தது. எனக்குத் தெரியும், சிரிக்கிறாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

நான் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் நடந்தேன். பத்தடி. வழியில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். மனசு தாங்கவில்லை. ஒரே தெருக்காரன் இப்படிப் போகிறானே என்று. தெருவில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். "பகைய மறந்து போறாரு பாரு வைத்தியரு" என்று ஒரு பொம்பளைக் குரல். என் காதில் விழுந்தது.

வண்டிக் கதவைச் சாத்தினதும் அவன் எழுந்து உட்கார்ந்தான். நான் படுத்தேன். உள்ளே இடம் குறைச்சல்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தீஞ்ச வாடை வந்ததும் இவன் ஏன் ஓடிவந்தான்? இருபத்திரண்டு வருஷமாக என் எண்ணெய் தீயும் என்று சொல்லித் திரிகிறவன். தீய்ந்தால் வீட்டில் உட்கார்ந்து சிரிக்க வேண்டியதுதானே. ஓடி வந்தான் என்றால் என்ன அர்த்தம்? சொரிமுத்து எண்ணெய் தீயாது, தீய்ந்தால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவனுக்குத் தெரியும். அப்படியானால் தொண்ணூற்றெட்டில் சொன்னது பொய். மாட்டிக்கொண்டானா?

கேட்டேன். படுத்தபடியே கேட்டேன். மூக்கில் என்னமோ மாட்டியிருந்தார்கள், அதை நகர்த்திவிட்டுக் கேட்டேன்.

"அப்ப பாளையங்கோட்டையில சொன்னது பொய்தானே வே?"

"பேசாதீரும். மூச்சு வாங்குது."

"யாருக்கு? உமக்கா, எனக்கா?"

"உமக்குத்தான்."

"பொய்தானே? அதச் சொல்லும்."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவன் என் மூக்கில் குழாயைத் திரும்ப வைத்தான்.

"பொய்தான் வே. அன்னைக்கு அந்த இடத்துல உம்ம எண்ணெய் ஒண்ணுதான் எண்ணெய். போதுமா? படும்."

இருபத்திரண்டு வருஷம் கழித்து வாக்குமூலம். கேட்டதற்குச் சாட்சி யார்? முன்னால் இருக்கிற டிரைவர். அவனும் சங்கைப் போட்டுவிட்டான், ஒன்றும் கேட்டிருக்காது. என் விதி.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நர்ஸ் காகிதத்தோடு நின்றாள். "யாரு பேஷண்ட்?" என்றாள். அவன் என்னைக் கையைக் காட்டினான். துரோகம். அவர்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஒரு தடவை காகிதத்தில் ஏறிவிட்டால் யார் மாற்றுவது? உனக்கே தெரியும்.

இரண்டு பேருக்கும் மூக்கில் குச்சி விட்டார்கள். மறுநாள் சீட்டு வந்தது. அவனுக்கு இல்லை, எனக்கு இருக்கிறது. எப்படி இருக்கிறது? நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, துணைக்கு வந்தவனைக் கட்டிலில் போடுகிறார்கள். குச்சி மாறியிருக்கும். நான் சண்டை போட்டிருப்பேன். பேச்சு வரவில்லை. தொண்டை வறண்டிருந்தது.

பதினோரு நாள்.

உன் காகிதத்தில் இருக்கிறது இல்லையா, பயம் எந்த அளவுக்கு இருந்தது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் சொல்லவும். ஒன்று போடு.

பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆள் இருந்தார். களக்காட்டுப் பக்கம் வாழைத்தோப்பு. நான் வைத்தியன் என்று எப்படியோ தெரிந்துகொண்டார். "ஒருக்கா கையைப் பாருங்களேன்" என்று கட்டில் ஓரம் கையை நீட்டினார். எட்டிப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே இருந்தேன். "எப்படி இருக்கு?" என்றார். "ராஜநடை" என்றேன். தூங்கிவிட்டார். நாலாம் நாள் காலையில் விழித்துப் பார்த்தால் அந்தக் கட்டிலில் புது விரிப்பு.

அதற்குக் கேள்வி ஏதும் இருக்கிறதா உன்னிடம்? இல்லையா. சரி, மேலே போ.

அந்தப் பயத்துக்கு இரண்டு என்று போட்டுக்கொள்.

இங்கே தெருவில் என்ன நடந்தது? வண்டி போன அரை மணி நேரத்தில் தகரம் வந்தது. "எந்த வீடு?" என்று கேட்டார்கள். எல்லோரும் அவன் வீட்டைக் காட்டினார்கள். அடித்தார்கள். மறுநாள் மாலை அவன் திரும்பி வந்து, சந்து வழியாக உள்ளே போய், அந்தத் தகரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தான். எனக்கு நோய் இல்லை என்று சீட்டைக் காட்டியிருக்கலாம் இல்லையா? காட்டவில்லை. பதினாலு நாள் இருந்தான். அவன் சுபாவம் அப்படி. வம்பு.

நான் திரும்பி வந்த அன்றுதான் இந்தச் சால்வை. தெருவில் நாலு பேர் நின்று போர்த்தினார்கள். எதிரிக்குத் துணைக்குப் போய், தனிமை முகாமில் அடைபட்டு வந்த மகான் என்று ஒருத்தர் பேசினார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். குரல் இன்னும் சரியாகவில்லை, அவர்களுக்குக் கேட்கவில்லை.

சால்வையோடு நிற்கும்போது எதிரே தகரத்துக்கு மேலே உலகம்மாள் தலை தெரிந்தது. உள்ளே ஏதோ முக்காலி போட்டு ஏறியிருக்கிறாள்.

"என்ன அண்ணாச்சி, சொகமாயிட்டா?"

"எனக்கு என்ன? நான் துணைக்குல்லா போனேன்."

"ஆமா ஆமா. எங்க வீட்டுத் தகரத்தப் பாத்தியளா? நல்ல கனமான தகரம். உங்களுக்குன்னு வந்தது, எங்களுக்கு அடிச்சுட்டுப் போயிட்டான்."

உள்ளேயிருந்து அவன் குரல்: "ஏட்டி, எறங்குட்டி கீழ."

பொம்பளை வாய். நான் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் அவனுக்கு ஆள் வரத்துக் குறைந்தது. குறையும். தகரம் அடித்த வைத்தியன். அவனிடம் போகிற கூட்டமும் என் வாசலுக்கு வந்தது. நான் என்ன செய்ய? ஆனால் செவ்வாய், வெள்ளி நான் நாடி பார்ப்பதில்லை. மணிக்கட்டு வலி. எதிர்வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவேன். புதன்கிழமையும் வலி வருகிறது இப்போதெல்லாம். இதை எழுது. உடல்நலக் குறைபாடு ஏதேனும் உண்டா என்று இருக்கிறது இல்லையா? மணிக்கட்டு.

மூக்கா? மூக்குக்கு என்ன? மீரானைத்தான் கேட்க வேண்டும். இரண்டு வருஷமாகியும் அவன் சரக்கு திருந்தவில்லை. கடையை மாற்றலாம். முப்பது வருஷப் பழக்கம், மாற்ற மனசு வரவில்லை.

அடுப்பை ஏன் வாசலில் வைத்திருக்கிறேன் என்று கேட்கிறாய். நீ கெட்டிக்காரி, கேள்வியில் இல்லாததையும் கேட்கிறாய். பின்கட்டில் காற்றோட்டம் இல்லை. அதனால் வாசல். வேறு காரணம் இல்லை.

முதல் தடவை வாசலில் வைத்த அன்று அவன் இன்னும் தகரத்துக்குப் பின்னால்தான். நான் கிளறிக்கொண்டிருந்தேன். தகரத்துக்கு உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "போதும் வே, எறக்கும்."

நான் இறக்குவேனா? அவன் சொல்லியா? வேண்டுமென்றே அரை நிமிஷம் விட்டேன். அப்புறம் வண்டலை எடுத்து உருட்டினேன். உருளவில்லை. உதிர்ந்தது.

அந்தச் சட்டியை யாருக்கும் தெரியாமல் கொட்டினேன். நான் அதற்கப்புறம் அந்த அரை நிமிஷம் விடுவதில்லை.

தவறாக நினைக்காதே. என் எண்ணெய் பதம் வரும்போது ஒரு வாசனை எழும்பும். அதை அவனால் தாங்க முடிவதில்லை. பொறாமை. கத்துகிறான். அவன் கத்துகிற நேரமும் நான் இறக்குகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகிறது. தற்செயல். வாரத்துக்கு இரண்டு சட்டி, இரண்டு வருஷம், ஒவ்வொரு தடவையும் தற்செயல்.

அவன் ஊரில் இல்லாத அன்று நான் அடுப்பு மூட்டுவதில்லை. அன்றைக்கு எனக்கு வேறு வேலை இருக்கும்.

என்னம்மா பையைத் தேடுகிறாய்? முடிந்ததா? இன்னும் ஒன்றா. அது என்ன, உன்னிடம் ஏற்கனவே எழுதின காகிதம் ஒன்று இருக்கிறது? யாருடையது?

எதிர்வீட்டுக்கு முதலில் போய்விட்டா இங்கே வந்தாய்?

காட்டக் கூடாதா. சரி, காட்டாதே. நாலாம் கேள்விக்கு என்ன சொன்னான், அதை மட்டும் சொல். நான் யாரிடம் சொல்லப் போகிறேன், எனக்கும் அவனுக்கும் பேச்சே கிடையாது.

ஆம் என்றானா?

தொற்று ஏற்பட்டது, ஆம் என்று?

அரசாங்கத்துக்குப் போகிற காகிதம் இல்லையா இது? பல்கலைக்கழகமா. எதுவோ. அதிலுமா அப்படிச் சொன்னான்? கையெழுத்தும் போட்டானா?

என்னைப் பற்றி ஏதாவது?

'எதிர்வீட்டுக்காரர் துணைக்கு வந்தார். அவருக்கு ஒன்றும் இல்லை.'

ம்.

தண்ணீர் குடிக்கிறாயா? அந்தப் பானையில் இருக்கிறது. நீயே எடுத்துக் குடி, எனக்கு எழுந்திருக்க வரவில்லை.

அவன் பேனாவால் எழுதச் சொன்னானா, பென்சிலா?

பேனாவா. சரி.

அந்தக் கடைசிக் கேள்வியைப் படி. மெதுவாகப் படி. 'நெருக்கடிக் காலத்தில் தங்களுக்கு உறுதுணையாக இருந்தவர் யார்?'

யாரும் இல்லை. நான்தான் மற்றவனுக்குத் துணைக்குப் போனேன். எனக்கு யாரும்...

இரு. கேட்டாயா?

"ஓய் சொரிமுத்து, பேசிக்கிட்டே இருக்கீரே. எறக்கும் வே. ஊரக் கொளுத்தப் போறீரா?"

பார்த்தாயா, சொன்னேன் இல்லையா. பொறாமை. இரு, வருகிறேன். நீ எழுந்திருக்காதே, சட்டி சூடாக இருக்கும், பக்கத்தில் வராதே.

ஆங், இறக்கியாச்சு. இதோ வண்டலைப் பார். உருட்டிப் பார்த்தேன், மெழுகு. மெழுகென்றால் மெழுகு. இந்த ஊரில் வேறு யார் வாசலில் இப்படி இறங்கும், சொல்.

முகர்ந்து பார்க்கிறாயா? எப்படி இருக்கிறது? நல்லா இருக்கிறதா? எப்படி நல்லா இருக்கிறது, சொல்லேன். சும்மாதான் கேட்கிறேன். எனக்குத் தெரியாமலா.

சரி. எங்கே விட்டோம்? துணைக்கு யார். யாரும் இல்லை என்று சொன்னேன். சொன்னால் சொன்னதுதான். எழுது.

பேனா வேண்டாம். அந்தப் பென்சிலை எடு. பென்சிலால் எழுது.